துருத்தியும் தூரமும்: ஒரு ஸ்டாண்டுக் கேமராவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழ்நாடு அரசின் முத்திரையில் ஒரு கோபுரம் உண்டு. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான் என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மதுரை மேற்குக் கோபுரம்தான் மாதிரி என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்குப் படுகிற விஷயம் வேறு. முத்திரையில் சிங்கத் தலைகள் இருக்கின்றன, இருபுறமும் கொடிகள் இருக்கின்றன, கோபுரத்துக்குக் கீழே தெரு மட்டும் இல்லை. அதை யார், எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார்கள் என்ற கேள்வியையே அந்தச் சித்திரம் துடைத்துவிடுகிறது. கடைகளில் தொங்கும் காலண்டர் படங்களும் அப்படித்தான். தேரடிக்குப் பக்கத்தில் நின்று, அண்ணாந்து, வானத்தைத் தவிர வேறு எதையும் பின்னால் விடாமல் எடுத்தவை.

இதை நான் கோட்பாட்டுப் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மரக் கேமராவின் துருத்தி பத்து சென்டிமீட்டர் நீளம் பத்தாமல் போனதால்தான் யோசிக்க வேண்டி வந்தது. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி லென்ஸ், துருத்தி, தூரம் என்றே இருக்கும். கோட்பாட்டு விவாதத்துக்குப் பழகிய தோழர்கள் கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்குகளோடு வர வேண்டும். கணக்குக்குள்ளேதான் அரசியல் இருக்கிறது என்பது என் கட்சி.

2

ராஜபாளையத்து நண்பர் ஒருவரின் தாத்தா ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் விட்டுப்போனது ஒரு ஹாஃப் பிளேட் ஸ்டாண்டுக் கேமரா. 1940களில் ஆலப்புழையில் கருணாகரன் என்பவர் தொடங்கி, தேக்கும் பித்தளையுமாக இந்திய ஸ்டுடியோக்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த வாகீஸ்வரி கேமராக்களை நம்மில் பலர் சிறுவயதில் பார்த்திருப்போம். அந்தச் சாதியைச் சேர்ந்ததுதான் இதுவும். ஆனால் பெயர்த்தகடு கழன்று போயிருந்ததால் எங்கே செய்தது என்று சொல்ல முடியவில்லை. பின்னால் தேய்த்த கண்ணாடி, முன்னால் லென்ஸ் பலகை, நடுவே மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் உலகம் தலைகீழாகத் தெரியும். துருத்தியின் ஓட்டைகளைப் புத்தகம் பைண்டு செய்கிற துணியும் பசையும் கொண்டு அடைத்தோம். கண்ணாடித் தட்டுக்குப் பதில், மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுக்கிற ஃபிலிமை இருட்டறையில் சிவப்பு விளக்கில் ஹாஃப் பிளேட் அளவுக்கு, அதாவது 120 க்கு 165 மில்லிமீட்டராக, வெட்டிப் போட்டோம்.

முதல் படம் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே, ஊருக்கு வெளியில் உள்ள ஒரு காலனித் தெருவில். அங்கிருந்து கோபுரம் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,200 மீட்டர். தெரு, ஓட்டு வீடுகள், மின்கம்பி, அதற்கு அப்பால் கோபுரம், அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. காண்டாக்ட் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினோம். எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் தம்பி, எங்க வாசல்ல நின்னா கோபுரம் எம்புட்டுப் பெருசாத் தெரியுது. ஒங்க படத்துல தீக்குச்சி மாதிரில்ல நிக்குது?”

அவர் சொன்னது சரி. ஸ்கேலை வைத்து அளந்தேன். பத்து மில்லிமீட்டர்.

3

ஏன் பத்து மில்லிமீட்டர்? கணக்கு எளிது. கோபுரத்தின் உயரம் 192 அடி, அதாவது ஏறத்தாழ 58.5 மீட்டர். அதைத் தூரத்தால் வகுத்து, லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கினால் ஃபிலிமில் விழும் உயரம் கிடைக்கும். எங்கள் லென்ஸ் எட்டரை அங்குலம், சுமார் 215 மில்லிமீட்டர். 58.5 ஐ 1,200 ஆல் வகுத்து 215 ஆல் பெருக்குங்கள்: பத்தரை. நிலாவைப் படம் எடுத்து ஏமாந்தவர்களுக்கு இது தெரிந்த துக்கம்தான். வானத்தில் தட்டு அளவுக்குத் தோன்றிய நிலா, இதே லென்ஸில் இரண்டு மில்லிமீட்டர் புள்ளியாக விழும்.

கண் பொய் சொல்லவில்லை. கையை நீட்டி இரண்டு விரலைப் படுக்கவைத்துப் பிடித்தால் அந்தத் தெருவிலிருந்து முழுக் கோபுரமும் விரலுக்குப் பின்னால் மறைந்துவிடும். அவ்வளவுதான் அதன் அளவு. ஆனால் வாசலில் நின்று பார்க்கிறவர் விரலால் அளந்து பார்ப்பதில்லை. கம்பியை, கூரையை, போகிற வண்டியையெல்லாம் விலக்கிவிட்டு, அவர் கவனம் அந்த ஒன்றில் போய் நிற்கிறது. கவனம் பெரிதாக்குகிறது. லென்ஸுக்குக் கவனம் கிடையாது. அதற்கு உள்ளது குவியத் தூரம் மட்டுமே. கவனத்துக்கு ஈடாக நாம் கொடுக்கக்கூடியது நீளமான குவியத் தூரம். 430 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் கோபுரம் இருபத்தொரு மில்லிமீட்டர்.

‘கிட்டப்போய் எடுத்தால் போகிறது, எதற்கு இந்தப் பாடு?’ என்று கேட்கலாம். நண்பரும் கேட்டார். இந்த இடத்தில்தான் புகைப்படத்தைப் பற்றி நம்மிடையே உலவும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நீள லென்ஸ் தூரத்தை ‘அமுக்குகிறது’, அகல லென்ஸ் ‘விரிக்கிறது’ என்கிறோம். உண்மையில் லென்ஸ் எதையும் அமுக்குவதில்லை. முன்னால் உள்ள பொருளுக்கும் பின்னால் உள்ள பொருளுக்கும் இடையிலான அளவு உறவைத் தீர்மானிப்பது நாம் நிற்கிற இடம் மட்டுமே. அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுத்துத் தட்டை நிரப்புவது என்பதைத்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது.

கோபுரத்தையும் மலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேரடிப் பக்கம், கோபுரத்திலிருந்து நூறு மீட்டரில் நின்றால் மலை கோபுரத்துக்குப் பின்னால் போய்விடும். காலனித் தெருவில் 1,200 மீட்டர் தள்ளி நின்றால் கோபுரம் பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடுகிறது. மலையோ பல கிலோமீட்டர் அப்பால் இருப்பது. நாம் ஒரு கிலோமீட்டர் பின்வாங்கியதால் அதற்குப் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. ஆகவே காலனியிலிருந்து பார்த்தால் மலை கோபுரத்தைவிட உயரம். கிட்டப்போய் எடுத்தால் கோபுரம் பெரிதாகும், மெய்தான். ஆனால் அது அந்த அம்மா பார்க்கிற கோபுரம் அல்ல. நிற்கிற இடத்தை மாற்றாமல் படத்தை மட்டும் பெரிதாக்க வேண்டும். அதற்குத்தான் நீள லென்ஸ்.

அந்த இடம் அவர் தேர்ந்தெடுத்தது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். “எங்க அம்மா காலத்துல இங்கன நின்னே கும்பிட்டுக்கிடுவோம்” என்றார். ஒரு கோயிலைத் தனித்துக் குற்றம் சொல்லத் தேவையில்லை. மாகாணம் முழுக்க அதுதான் நடைமுறை. 1939 ஜூலை 8 இல் வைத்தியநாத ஐயரோடு கக்கன் முதலியோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனதும், அதையொட்டிச் சட்டம் வந்ததும், 1947 இல் மாகாணம் தழுவிய ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும் வரலாறு. சட்டம் வந்த பிறகும் வீடுகள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. 1,200 மீட்டர் என்பது வெறும் அளவு அல்ல.

4

இப்போது துருத்திக்கு வருகிறேன். வெகுதூரத்தில் உள்ள பொருளைக் குவிக்க, லென்ஸுக்கும் தேய்த்த கண்ணாடிக்கும் இடையே குவியத் தூரம் அளவுக்கு இடைவெளி வேண்டும். 215 லென்ஸுக்கு 21.5 செ.மீ., 430 லென்ஸுக்கு 43 செ.மீ. பொருள் கிட்டே வரவர இடைவெளி கூடும். 430 லென்ஸில் மூன்று மீட்டரில் உட்கார்ந்திருக்கிற ஆளைக் குவிக்க 50 செ.மீ. வேண்டும், பொருளை அதே அளவில் எடுக்க இரண்டு மடங்கு, 86 செ.மீ. எங்கள் கேமராவின் துருத்தியை முழுக்க இழுத்தால் 33 செ.மீ. அதற்கு மேல் இழுத்தால் கிழியும். மலையைக்கூடக் குவிக்க முடியாது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. உலகம் முழுக்க ஸ்டாண்டுக் கேமராக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். வழிகள் நான்கு.

முதல் வழி, டெலிஃபோட்டோ. நீளமான லென்ஸெல்லாம் டெலிஃபோட்டோ அல்ல. முன்னால் குவிக்கும் கண்ணாடித் தொகுதியும் பின்னால் விரிக்கும் தொகுதியும் வைத்து, லென்ஸின் கணக்குப் புள்ளியை லென்ஸுக்கு முன்னால் தள்ளிவிடுகிற அமைப்புக்குத்தான் அந்தப் பெயர். 1891 இல் லண்டனில் டால்மேயரும் ஜெர்மனியில் ஷ்டைன்ஹைலும் மீத்தேயும் ஒருவரையொருவர் அறியாமல் இதை எட்டினார்கள். பின்னாளில் வந்த நிக்கோர் டி 360 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 26 செ.மீ. துருத்தி போதும், முன்தொகுதியை அப்படியே வைத்துப் பின்தொகுதியை மட்டும் மாற்றினால் அதுவே 500 ஆகும், 720 ஆகும். குறை ஒன்று உண்டு. கணக்குப் புள்ளி பலகையில் இல்லாததால், லென்ஸைச் சாய்த்தால் படம் கண்ணாடியை விட்டே ஓடும். விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது என்பது அதைவிடப் பெரிய குறை.

இரண்டாவது, லென்ஸ் பலகைக்கு மூக்கு வைப்பது. தட்டையான பலகைக்குப் பதில் முன்னால் நீண்ட ஒரு பெட்டி, அதன் நுனியில் லென்ஸ். துருத்தி பத்தாத நீளத்தைப் பெட்டி ஈடுகட்டும்.

மூன்றாவது, இருக்கிற லென்ஸையே பாதியாக்குவது. 1866 இல் டால்மேயரும் ஷ்டைன்ஹைலும் கொண்டுவந்த ரேபிட் ரெக்டிலீனியர் வகை லென்ஸில் ஒரேமாதிரியான இரண்டு பாதிகள், நடுவே துளை. ஒரு பாதியைக் கழற்றிவிட்டால் மிச்சப் பாதியின் குவியத் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் பழைய ஸ்டுடியோக்களின் பித்தளை லென்ஸ்களில் கணிசமானவை இந்த வகைதான். வைத்திருக்கிறவர்களுக்கே தெரியாமல் அவர்களிடம் இரண்டு லென்ஸ் இருக்கிறது.

நான்காவது, ஒன்றும் செய்யாமல் சின்ன லென்ஸில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்குவது. இதை யாரும் மரியாதையான வழியாகச் சொல்வதில்லை. ஆனால் நின்ற இடம் ஒன்றாக இருந்தால் கோபுரத்துக்கும் மலைக்கும் உள்ள உறவு இம்மி பிசகாது. இழப்பது நுணுக்கத்தைத்தான், தட்டில் கால் பங்கு பரப்பே பயன்படுகிறது.

5

நாங்கள் இரண்டையும் மூன்றையும் சேர்த்தோம். ராஜபாளையத்தில் ஒரு தச்சரிடம் போய் விவரம் சொன்னதும், “பெட்டிக்கு மூக்கு வைக்கணும், அம்புட்டுத்தான சார்?” என்றார். பன்னிரண்டு செ.மீ. ஆழத்தில் மெல்லிய பலகைப் பெட்டி செய்தார். அதிலும் ஒரு கணக்கு உண்டு. லென்ஸிலிருந்து தட்டின் மூலைக்குப் போகிற ஒளியைப் பெட்டியின் பின்வாய் வெட்டிவிடக் கூடாது. எங்கள் அளவுகளுக்கு அந்த வாய் ஏழு செ.மீ.க்குக் குறையக்கூடாது என்று வந்தது; லென்ஸை மேலே ஏற்ற இடம் வேண்டுமென்பதால் ஒன்பதாக வைத்தோம். உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு. இல்லையென்றால் பக்கச் சுவரில் ஒளி பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும். நுனியில் கனம் கூடுவதால் பெட்டிக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை. முழுக்க இழுத்த துருத்தி நடுவில் தொய்ந்து ஒளியை மறைக்காமலிருக்க அதற்கும் ஒரு கயிறு.

லென்ஸில் எந்தப் பாதியை வைத்துக்கொள்வது? வழக்கமாகப் பின்பாதியை வைத்துக்கொள்வார்கள். ஆனால் அப்போது கணக்குப் புள்ளி பின்னுக்குப் போய், துருத்தி இன்னும் அதிகம் கேட்கும். துருத்தி குறைவானவர்கள் முன்பாதியை வைத்துக்கொண்டால் சற்று மிச்சம். எதை வைத்தாலும் ஓரங்களில் நேர்கோடுகள் லேசாக வளையும். இரண்டு பாதியும் ஒன்றின் கோணலை மற்றொன்று நேர்செய்ததால்தானே அந்த லென்ஸுக்கு ‘நேர்கோட்டு லென்ஸ்’ என்று பெயரே வந்தது. ஆகவே கோபுரத்தை நடுவில் வைக்க வேண்டும்.

துளை எண்களையும் திருத்திப் படிக்க வேண்டும். துளையின் விட்டம் மாறவில்லை, குவியத் தூரம் இரட்டித்துவிட்டது. ஆகவே வளையத்தில் 22 என்று இருப்பது இப்போது 44. வெளிச்சம் நான்கு மடங்கு அதிக நேரம் விழ வேண்டும். இன்னொன்று: பாதி லென்ஸில் துளையைச் சுருக்கினால் குவியும் இடமே நகர்ந்துவிடும். அகலத் திறந்து பளிச்சென்று குவித்துவிட்டு, பிறகு சுருக்கி எடுத்தால் படம் மங்கும். கண்ணாடியில் ஒன்றும் தெரியாத இருட்டில், எடுக்கப்போகிற அதே துளையிலேயே குவிக்க வேண்டும். 41 மீட்டரில் குவித்தால் இருபது மீட்டரிலிருந்து மலைவரை தெளிவாக வரும் என்று கணக்கு. அந்த அம்மாவைத் தெருவில் இருபத்திரண்டு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னோம்.

எடுத்தது ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை. ஆனி ஆடியில் கணவாய்க் காற்றில் இவ்வளவு நீளத் துருத்தி பாய்மரம் போல ஆடும். கோடையில் புழுதி மூட்டத்தில் மலை காணாமல் போகும். எக்ஸ்ரே ஃபிலிமுக்கு நீல மூட்டம் பிடிக்கும் என்பதால் மஞ்சள் வடிகட்டியும் போட்டோம். சூரியன் எங்கள் முதுகுப் பக்கம். மூடியைத் திறந்து, ஒன்று என்று எண்ணி, மூடினோம்.

நான்கு ஃபிலிமில் மூன்று வீண். ஒன்றில் பெட்டியின் மூட்டு வழியே ஒளி புகுந்திருந்தது. ஒன்றில் நானே, மேலே எழுதிய எச்சரிக்கையை மறந்து, திறந்த துளையில் குவித்திருந்தேன். ஒன்றில் அந்த அம்மா அந்த ஒரு விநாடியில் யாரையோ கூப்பிடத் திரும்பிவிட்டார். நான்காவது வந்தது.

அதே இடத்தில் நின்று 215 லென்ஸிலும் ஒன்று எடுத்து, நடுப்பகுதியை இரட்டிப்பாக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கோபுரம், மலை, தெரு எல்லாம் அதே அளவு, அதே உறவு. ஆனால் பெரிதாக்கியதில் கோபுரத்தின் பதினொரு நிலைகளும் கலங்கிக் கிடந்தன, அம்மாவின் முகமும்தான். பாதி லென்ஸ் படத்தில் நிலைகளை எண்ண முடிந்தது. எங்கள் பாட்டுக்கு லாபம் அவ்வளவே என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

6

1858 இல் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை அவர் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அரிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் விமானத்தைச் சுற்றிவர, சுவரோரம் கேமராவை நிறுத்த, அவருக்கு அனுமதி இருந்தது என்பதையும் அந்தப் படம் சொல்கிறது. அதே காலத்தில் அந்தப் பிரகாரத்துக்குள் கால்வைக்க முடியாதவர்கள் அந்த விமானத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நம்மிடம் படம் இல்லை.

வால்டர் பெஞ்சமின் 1936 கட்டுரையில், பொருட்களைத் தம் அருகே கொண்டுவர வேண்டும் என்ற மக்களின் விருப்பத்தைப் புகைப்படத்தோடும் சினிமாவோடும் சேர்த்துப் பேசுகிறார். அருகாமை வந்தால் புனிதத்தின் ஒளிவட்டம் கலையும் என்பது அவர் எதிர்பார்ப்பு. காலண்டர் படத்தை வைத்துப் பார்த்தால் அருகாமையே புதிய ஒளிவட்டத்தை உண்டாக்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீள லென்ஸ் செய்வது இன்னொன்று. அது தள்ளி நிற்கிறவரைக் கோபுரத்தடிக்குக் கொண்டுபோவதில்லை. அவர் தள்ளித்தான் நிற்கிறார் என்பதை மறைக்காமல், அவர் பார்ப்பதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதே கருவி போலீஸ்காரர் கையிலும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஊர்வலத்தைத் தள்ளி நின்று நீள லென்ஸில் எடுத்தால் கூட்டம் நெரியும், கிட்டே நின்று அகல லென்ஸில் எடுத்தால் சிதறும் என்பதும் பத்திரிகைக்காரர்கள் அறிந்ததே. அதனால்தான், ஒரு படத்தைப் பார்த்ததும் என்ன லென்ஸ் என்று கேட்பதற்கு முன்னால், எங்கே நின்று எடுத்தது என்று கேட்கச் சொல்கிறேன்.

பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா கோபுரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். “இதுல மலையைக் காங்கலையே தம்பி” என்றார்.

மூக்குப் பெட்டி இப்போது நண்பர் வீட்டில் இருக்கிறது. அடுத்து ராஜபாளையத்தில் ஓர் ஆலை வாசல். உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை; ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைச் சாலைக்கு இந்தப்பக்கம் டீக்கடை பெஞ்சிலிருந்துதான் எடுக்க முடியும். தூரம் அறுபது மீட்டர். துருத்தி 43.3 செ.மீ. கேட்கும். போதும்.